"என்ன" என்றால் "வா"

சிங்களத்தில் "என்ன" என்றால் "வாருங்கள்" என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

2009 வைகாசியில், பிள்ளையை இடுப்பிலும் ஒரு பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது, தூரத்தில் நின்ற ஓர் ஆமிக்காரப் பொடியன் கையை அசைத்து, "என்ன, என்ன" என்று கத்தினான். என்ன கொண்டு வருகிறாய் என்று கேட்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். அந்த இடத்திலேயே நின்று, "ஒண்டுமில்லை ஐயா, பிள்ளையின்ர உடுப்பு" என்று பையைத் திறந்து காட்டினேன். அவன் இன்னும் பலமாகக் கத்தினான். நான் இன்னும் பயந்து நின்றேன். பின்னால் வந்த ஒரு கிழவர்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

வருடங்கள் கழித்து, எங்கள் ஊர் சிங்கள மொழி வகுப்பில் ரீச்சர் கரும்பலகையில் இந்தச் சொல்லை எழுதினா. எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

இந்த வகுப்பில் படித்த நாங்கள் 19 பெண்கள் ஒரு சனிக்கிழமை நூதனசாலை பார்க்கப் போன கதையைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விளங்காத கடதாசி

நான் ஏன் சிங்களம் படிக்கப் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் கணவர் அந்த வைகாசியில் ஒரு சோதனைச்சாவடியில் வேறு வரிசைக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகு அவரை நான் காணவில்லை. முகாமில் இருந்தபோது ஓர் அலுவலரிடம் முறைப்பாடு கொடுத்தேன். நான் தமிழில் சொன்னேன், ஒருவர் மொழிபெயர்த்தார், மற்றவர் சிங்களத்தில் எழுதினார். கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அந்தக் கடதாசியின் பிரதியை நெகிழிப் பையில் சுற்றி வைத்திருந்தேன். எங்கே போனாலும் அது என்னோடு வரும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இப்படி ஒரு கடதாசி எங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது! அதனால்தான் வகுப்புத் தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும் முதல் நாளே பெயர் கொடுத்தேன். எங்களில் மூத்த அக்கா ஒருவர், "அவங்கட பாஷை எனக்கென்னத்துக்கு?" என்று கேட்டா. ஆனாலும் அடுத்த கிழமை அவவும் கொப்பி வாங்கிக்கொண்டு வந்தா. "எனக்கு என்ன பேசுறாங்கள் எண்டாவது விளங்கட்டும்" என்றா.

ரீச்சர் மாத்தளை மாவட்டத்தில், லக்கல பிரதேசத்தில் உள்ள பல்லேகமவைச் சேர்ந்தவ. முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் மாவட்டத்தில் வேலை கிடைத்து வந்து, தமிழ் கதைக்கப் பழகினவ. எங்களை "அக்கா" என்றுதான் கூப்பிடுவா. அந்தச் சொல்லுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம்.

முதல் மாதம் அவ எங்களுக்குப் புதுச் சொல் எதுவும் சொல்லித் தரவில்லை. எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற சொற்களைத்தான் எடுத்துக் காட்டினா. எங்கள் கடை அங்கே கடே. பாலம் பாலம. பருப்பு பரிப்பு. கோவில் கோவில. சல்லி சல்லிதான், முருங்கை முருங்காதான். அதே நேரம் போர்த்துக்கேயர் வந்து இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போன சொற்களும் இருக்கின்றன. எங்கள் ஜன்னல் அவர்களுக்கு ஜனேலய, மேசை மேசய, அலுமாரி அல்மாரிய, சப்பாத்து சபத்து. "மம" என்றால் "நான்" என்று படித்த அன்று, "அப்ப சிங்களத்தில எல்லாரும் மாமாதான்" என்று மூத்த அக்கா சொல்ல, ரீச்சர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒரு நாள் அவ ஒரு கல்லின் படத்தைக் காட்டினா. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டியது. 1409 ஆம் ஆண்டுத் திகதி அதில் உண்டு. மூன்று மொழிகள் என்றதும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று நாங்கள் நினைத்தோம். இல்லை. சீனம், தமிழ், பாரசீகம். "அப்ப சிங்களம் எங்க ரீச்சர்?" என்று கேட்டோம். "இல்லை அக்கா. அந்தக் காலத்தில எங்கட ஆக்களுக்கும் விளங்காத கடதாசி இருந்திருக்கு" என்றா. அன்றைக்குத்தான் நூதனசாலை பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்குப் பிடித்தது. கொழும்புக்குப் போகப் பணம் போதவில்லை. "அப்ப என்ர ஊர்ப் பக்கம் போவம். சிகிரியாவிலயும் நூதனசாலை இருக்கு. இரவு அம்மாவின்ர வீட்டில படுக்கலாம்" என்று ரீச்சர் சொன்னா.

சுவரில் எழுதிய பெண்கள்

விடியப்புறம் இரண்டு மணிக்கு முல்லைத்தீவிலிருந்து பஸ் வெளிக்கிட்டது. புட்டும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டோம். வவுனியா, மதவாச்சி தாண்டி, தம்புள்ளைப் பக்கம் வெளிச்சத்தோடு போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் கடைப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்ததில் பயணம் போனதே தெரியவில்லை.

சிகிரியாக் குன்றில் நாங்கள் ஏறவில்லை. எங்களில் மூன்று பேருக்குக் காலில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. ஏறுகிறவர்கள் ஏறட்டும், எல்லோரும் ஏற முடியாத இடத்துக்கு யாரும் போவதில்லை என்று பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டோம். குன்றின் அடிவாரத்தில் உள்ள நூதனசாலை 2009 இல் ஜப்பானிய உதவியோடு திறக்கப்பட்டது. எங்களுடைய வாழ்க்கை முடிந்துபோனது என்று நாங்கள் நினைத்த அதே வருடம், நாட்டின் வேறொரு பக்கத்தில் ஒரு நூதனசாலை திறந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காசியப்பன் என்ற அரசன் 477 முதல் 495 வரை இந்தக் குன்றின் மேல் கோட்டை கட்டி ஆண்டான். தகப்பனைக் கொன்று முடி எடுத்தவன். தம்பி முகலன் தென்னிந்தியாவுக்குத் தப்பி ஓடி, படையோடு திரும்பி வந்தபோது அவன் கதை முடிந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். என்னை நிறுத்தி வைத்தது வேறு. குன்றில் கண்ணாடிச் சுவர் என்று ஒன்று இருக்கிறது. முகம் தெரியுமளவுக்கு மினுக்கிய சாந்துச் சுவர். அரசன் போன பிறகு, பல நூற்றாண்டுகளாக அங்கே வந்து போன சாதாரண சனங்கள், மேலே வரைந்திருக்கும் பெண்களின் ஓவியங்களைப் பார்த்து, அந்தச் சுவரில் கவி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரும்பாலானவை 8 ஆம் நூற்றாண்டிலிருந்து 10 ஆம் நூற்றாண்டு வரையானவை. அதில் பெண்கள் எழுதியவையும் உண்டு.

ஆயிரம் வருடங்களுக்கு முன்பு ஒரு பெண் ஊசி போன்ற ஏதோ ஒன்றால் தன் மனதில் பட்டதைச் சுவரில் கீறிவிட்டுப் போயிருக்கிறாள். அது இன்னும் இருக்கிறது. பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களை வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். அந்த வருடத்தைக் கேட்டதும் எங்களில் பாடசாலை ஆசிரியையாக இருந்த ஒருவர், "தனிச் சிங்களச் சட்டம் வந்த வருசம்" என்றா. ரீச்சர் தலையைக் குனிந்து, "ஓம் அக்கா, அதே வருசம்" என்றா. ஒரே பாஷையால் ஒரே வருடத்தில் செய்யப்பட்ட இரண்டு வேலைகள். ஒன்று மறந்துபோனவர்களின் குரலை வெளியே கொண்டு வந்தது. மற்றது எங்களுடைய கடதாசியை எங்களுக்கே விளங்காமல் செய்தது. 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழி என்று எழுத 1987 வரை செல்ல வேண்டியிருந்தது. சட்டத்தில் எழுதியது கந்தோர் மேசைக்கு வந்து சேர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பழைய எழுத்துகளைப் பார்த்தபோது ரீச்சர் இன்னொன்றும் சொன்னா. தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் பிராமி என்ற ஒரே எழுத்திலிருந்து பிறந்தவை. ஓலையில் எழுதி எழுதித்தான் அவை இப்படி வளைந்தன என்பார்கள்.

ஒரு மணிமாலை

அடுத்து தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவ என்ற இடத்துக்குப் போனோம். அது ஒரு பழைய இடுகாடு. கி.மு. 700 க்கும் 400 க்கும் இடைப்பட்டது என்கிறார்கள். கற்பலகைகளைப் பெட்டி போல நிறுத்தி, உள்ளே தாழியும் சாம்பலும், அவர்கள் பாவித்த சட்டி பானைகளும், மணிமாலைகளும் வைத்து, மேலே மூடுகல் வைத்திருக்கிறார்கள். மணிகளில் சில இந்தியாவிலிருந்து வந்த கற்களால் ஆனவை. இதைப் போன்ற பெருங்கற்கால ஈமக்காடுகள் எங்கள் ஆனைக்கோட்டையிலும், புத்தளத்துப் பொம்பரிப்பிலும், தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அந்தச் சாம்பலுக்கு உரியவர் என்ன பாஷை பேசினார் என்று அந்தக் கல் சொல்லவில்லை.

நாங்கள் பத்தொன்பது பேரும் அதற்கு முன்னால் நின்றோம். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. 2,500 வருடங்களுக்கு முன் யாரோ ஒருத்தி தன்னுடைய மனிதருக்கு ஒரு கல்லை வைத்து, ஒரு மணிமாலையையும் வைத்து அனுப்பியிருக்கிறாள். எங்களில் எட்டுப் பேருக்கு அது கிடைக்கவில்லை. மூத்த அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் எங்கே விட்டா என்று அவவுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அவ குனிந்து, வேலிக்கு வெளியே கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்து மணலைத் தட்டிப் பார்த்தா. பிறகு அதே இடத்தில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா.

இடம்பெயர்ந்த கோவில்

நாலந்தாவில் உள்ள கெடிகே, கருங்கல்லால் ஆன ஒரு சின்னக் கட்டடம். பார்த்தால் மாமல்லபுரத்துப் பல்லவர் கோவில்களை ஒத்திருக்கும். உருவம் இந்துக் கோவில், ஆனால் பௌத்த வழிபாட்டோடும் தொடர்புடையது. ஒன்றோடொன்று கலந்து கட்டியிருக்கிறார்கள். போவத்தன்ன நீர்த்தேக்கம் கட்டியபோது இது நீரில் மூழ்கும் என்று தெரிந்ததால், 1970 களில் கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்தில் மறுபடி பூட்டி 1980 இல் நிமிர்த்தினார்கள்.

"பார் பிள்ளை, கோவிலும் இடம்பெயர்ந்திருக்கு" என்று ஒருத்தி சொன்னா. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கு நம்பர் போட்டுத் திரும்பப் பூட்ட ஆக்கள் இருந்தவை" என்று மற்றவ சொன்னா. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பல்லேகம

பின்னேரம் ஐந்து மணிபோல லக்கலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைகள், மறுபக்கம் களுகங்கை நீர்த்தேக்கம். நாங்கள் நின்றது புது நகரம். பழைய பல்லேகம அந்தத் தண்ணீருக்குள்ளே. மொரகஹகந்த - களுகங்கைத் திட்டத்துக்காகப் பழைய ஊரைக் காலி செய்து, மேட்டில் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள். கந்தோர், பாடசாலை, கடை எல்லாம் புதிது. ரீச்சர் கையை நீட்டி, "அதில சந்தை. அதில என்ர பள்ளிக்கூடம். அந்த மேட்டுக்குக் கீழ எங்கட வீடு" என்று காட்டினா. எங்களுக்குத் தண்ணீர்தான் தெரிந்தது.

"உங்களுக்கு முன்கூட்டியே சொல்லித்தானே எழுப்பினவை?" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகு கடுமையாகக் கேட்டுவிட்டேனோ என்று யோசித்தேன். ரீச்சர் நேராகவே பதில் சொன்னா. "ஓம் அக்கா. சொல்லி, நட்டஈடு தந்து, சாமான் ஏத்த நேரம் தந்துதான் எழுப்பினவை. உங்களுக்கு நடந்தது வேற. ரெண்டும் ஒண்டெண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன்."

வீட்டு வாசலில் ரீச்சரின் அம்மா நின்றா. எழுபத்தைந்து வயதிருக்கும். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "என்ன துவ, என்ன" என்றா. துவ என்றால் மகள். வா மகள், வா. அந்தச் சொல்லுக்கு இந்த முறை நான் நிற்கவில்லை. போனேன்.

உள்ளே போனதும் சுவரில் ஒரு படம். இராணுவ உடுப்பில் ஓர் இளம் பொடியன். படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு. எங்கள் எல்லோருக்கும் உடம்பு இறுகியது. ரீச்சர் இதை முதலே எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டோம் என்று பயந்தாவாம். அது பிழை என்று அவவிடம் பிறகு சொன்னேன். அவவும் ஒத்துக்கொண்டா. மூத்த அக்கா வெளி விறாந்தையில் பாயைப் போட்டு இருந்துவிட்டா. சோற்றையும் அங்கேயே கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

சாப்பிட்ட பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து இருந்து எந்த ஊர் என்று கேட்டா. முல்லைத்தீவு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, அங்கே கடல் எப்படி இருக்கும் என்று கேட்டா. மகன் 1996 ஆடியில் முல்லைத்தீவு முகாம் விழுந்த சண்டையில் இருந்தவனாம். உடம்பு வரவில்லை. "அதுருதஹன்" என்று கடிதம் வந்ததாம்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். காணாமற்போனவர். வகுப்பில் நான் ரீச்சரிடம் முதன்முதலாகத் தனியாகக் கேட்டுப் படித்த சொல் அதுதான். நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "என்ர மனிசரும் அதுருதஹன்" என்றேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா. கடலைப் பற்றிச் சொன்னேன். விடிய எழும்பினால் மீன்காரர் வலை இழுப்பார்கள், மணல் வெள்ளை, மாரியில் அலை பெரிது என்று, தெரிந்த சொற்களைக் கோர்த்துச் சொன்னேன். பிழை பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். அவ ஒரு பிழையும் திருத்தவில்லை.

அவவுடைய மகன் கையில் துவக்கோடு எங்கள் ஊருக்கு வந்தவன். என் கணவர் வேறு வரிசைக்குப் போகும்போது கையில் ஒன்றும் இருக்கவில்லை. இதை நான் மறக்கவில்லை, மறக்க வேண்டும் என்று அவவும் கேட்கவில்லை. ஆனால் வராத ஒருவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று அவவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

நானே வாசித்தேன்

அடுத்த நாள் விடிய, நீர்த்தேக்கக் கரையில் இருந்து என் நெகிழிப் பையைப் பிரித்தேன். ஒரு மாதமாக எனக்கு வாசிக்கத் தெரியும். பயத்தில் வாசிக்காமல் வைத்திருந்தேன். எழுத்துக் கூட்டி, வரி வரியாக, முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டு சொற்களுக்கு மட்டும் ரீச்சரிடம் உதவி கேட்டேன்.

"இடம்பெயர்ந்து வரும்போது கணவர் பிரிந்து போய்விட்டார்" என்று எழுதியிருந்தது. வரிசை இல்லை. சோதனைச்சாவடி இல்லை. நான் சொன்ன திகதியும் இல்லை. கீழே என் கையெழுத்து இருந்தது.

நான் கத்தவில்லை. அந்த நேரம் வந்தது கோபத்தை விட ஒரு தெளிவு. இத்தனை வருடமாகக் கேட்கிற இடமெல்லாம் ஏன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

ஊருக்குத் திரும்பியதும் நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதினேன். முந்தைய கடதாசியில் உள்ள பிழைகளையும் ஒவ்வொன்றாகக் குறித்து, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இனி அந்தக் கோவையில் என் சொல்லும் இருக்கிறது.

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களிடமும் இப்படி ஒரு கடதாசி இருந்தால், தெரிந்த ஒருவரைக் கொண்டு இன்றைக்கே வாசித்துப் பாருங்கள். விளங்காத பாஷையில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. கேட்பது குற்றமல்ல. சிங்களம் படிக்க வசதி கிடைத்தால் படியுங்கள். யாருக்காகவும் அல்ல, உங்கள் பெயருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நீங்களே பார்க்க.

திரும்பி வரும்போது மூத்த அக்கா பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தா. "அந்தப் படத்துக்குக் கீழ எனக்கு நித்திரை வராது, அதுதான் வெளியில படுத்தனான்" என்றா. அவவில் பிழை சொல்ல ஏலாது. கெக்கிராவை தாண்டும் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டா: "பிள்ளை, வெளிக்கிடேக்க அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சு ஏதோ சொன்னவ. 'ஆயெத் என்ன' எண்டு. என்ன அது?"

"திரும்ப வாங்கோ எண்டு சொன்னவ அக்கா" என்றேன்.

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. ஆனால் அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு எனக்கு முன்னமே வந்து இருந்தா.